ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே போய் மயங்குபவரை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா?

உங்கள் கல்லூரி முகாமில் ரத்தம் கொடுத்த 19 வயது மாணவி படுக்கையில் இருந்தவரை நன்றாக இருந்திருக்கிறார். பாக்கெட் ஜூஸும் பிஸ்கட்டும் சாப்பிட்டுத் தோழிகளோடு சிரித்துப் பேசிவிட்டுக் கிளம்பியவர், முக்கால் மணி நேரம் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்து முகவாயில் தையல் போடும்படி ஆகியிருக்கிறது. என்.எஸ்.எஸ். பொறுப்பாளரான நீங்கள், முகாமிலேயே ஏதாவது பரிசோதனை செய்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. வரிசையில் நிற்பவர்களில் இன்னார் வெளியே போய் விழுவார் என்று சுட்டிச் சொல்ல முடியுமா என்பது ஒன்று. எப்படிப்பட்டவர்கள் அப்படி விழ வாய்ப்பு அதிகம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் பதில் முடியாது என்பதே. இரண்டாவதற்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது, முகாம் நடத்துபவருக்குப் பயன்படுவதும் அதுதான். ரத்த மையத்தில் ரத்தமேற்று மருத்துவராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், உறுதியாகத் தெரிந்ததையும் இன்னும் சந்தேகத்தில் இருப்பதையும் பிரித்து எழுத முயல்கிறேன்.

ரத்தம் கொடுப்பவருக்கு வரும் மயக்கம் எல்லாம் ஒரே மாதிரியானதன்று. ஊசியைப் பார்த்த உடனேயே, அல்லது குத்திய முதல் சில நிமிடங்களில் முகம் வெளுத்து, வியர்த்து, குமட்டலோடு வருவது ஒரு வகை. இதில் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஃபிரான்ஸும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள், ரத்தம் எடுக்கப்படுவதை நினைத்தால் எவ்வளவு பயமாக இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்பதுகூட இந்த வகை மயக்கத்தைக் கணிக்க உதவும் என்று காட்டின. ஆனால் ஊசியை எடுத்துக் கால் மணி நேரமோ, ஒரு மணி நேரமோ, சில வேளைகளில் அன்று மாலையோ வரும் மயக்கத்துக்கு வழி வேறு. பயம் அதற்குள் பெரும்பாலும் அடங்கிவிட்டிருக்கும். உடலில் குறைந்துபோன ரத்தத்தின் அளவுதான் அங்கே வேலை செய்கிறது. முகாமில் நாம் வழக்கமாகக் கவனிக்கும் கைநடுக்கம், வெளுத்த முகம், படபடப்பு ஆகியவை முதல் வகைக்கான அறிகுறிகள். அவை எதுவும் இல்லாமல் சிரித்துக்கொண்டே எழுந்து போன உங்கள் மாணவியைப் பார்த்து யாரும் எதையும் சந்தேகித்திருக்க மாட்டார்கள். அங்கிருந்த ஊழியர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று இதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம்.

உடலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து யாருக்கு அதிகம் என்பதற்கான விடை அதிலிருந்தே வருகிறது. 350 மில்லிலிட்டர் ரத்தம் வெளியேறியதும் கை கால்களிலும் குடலிலும் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது. படுத்திருக்கும்வரை இந்த ஈடுகட்டல் போதுமானதாக இருப்பதால் ரத்த அழுத்தக் கருவியில் எந்த வித்தியாசமும் தெரியாது. எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் மார்புப் பகுதியிலிருந்து கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. அசையாமல் நிற்க நிற்க நிலைமை இன்னும் இறுகுகிறது. வெயில் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் குடலுக்கும் கூடுதலாக ரத்தம் போகிறது. ஒரு கட்டத்தில் ஈடுகட்டல் மொத்தமாகக் கைவிடப்படுகிறது. இறுகியிருந்த குழாய்கள் திடீரென்று தளர்கின்றன, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு துடிப்பைக் குறைக்கிறது, மூளைக்குப் போகும் ரத்தம் சில விநாடிகளுக்குப் போதாமல் ஆகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944இல், ஹென்றி பார்கிராஃப்டும் அவருடைய சகாக்களும் தன்னார்வலர்களிடமிருந்து ரத்தத்தை வெளியேற்றி இதை நேரடியாக அளந்தார்கள். மயக்கம் வரும் அந்தக் கணத்தில் தசைகளின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதற்குப் பதிலாக விரிகின்றன என்று காட்டியது அவர்களுடைய ஆய்வு. இந்த முறிவு சரிவாக வருவதில்லை, படியிலிருந்து விழுவதுபோல் வருகிறது. சற்று முன்பு எடுத்த நாடியும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தன என்பது அடுத்த கால் மணி நேரத்துக்கு உத்தரவாதம் ஆகாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

யாருக்கு வாய்ப்பு அதிகம் என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. வயது குறைந்தவர்கள், முதல் முறை கொடுப்பவர்கள், உடலில் மொத்த ரத்த அளவு குறைவாக உள்ளவர்கள், முன்பு ஒரு முறை மயங்கியவர்கள் ஆகியோருக்கு எல்லா வகை மயக்கமும் அதிகம் வருகிறது என்பதில் பல நாடுகளின் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. வயதின் வலிமையைக் காட்ட ஒரு எடுத்துக்காட்டு போதும். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் 2006ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து 2008இல் வெளியான ஆய்வில், ரத்தம் கொடுத்த பின் ஏதேனும் சிக்கல் ஏற்பட்டோர் 16, 17 வயதினரில் 10.7 சதவீதம், 18, 19 வயதினரில் 8.3 சதவீதம், 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 2.8 சதவீதம். தாமதமாக வரும் மயக்கத்தைத் தனியே பிரித்துப் பார்த்தவர்கள் கூடுதலாகக் கண்டது, பெண்களுக்கும் ரத்த அளவு குறைந்தவர்களுக்கும் இந்த வகையோடு இன்னும் நெருக்கமான தொடர்பு இருக்கிறது என்பதும், இந்த வகையில்தான் கீழே விழுந்து காயப்படுவது அதிகம் என்பதும். படுக்கையில் மயங்குபவரைத் தாங்கப் படுக்கை இருக்கிறது, பக்கத்தில் ஆளும் இருக்கிறார். சாலையோரம் மயங்குபவருக்கு இரண்டும் இல்லை.

ரத்த அளவு என்று நான் சொல்வது ஹீமோகுளோபினை அன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஹீமோகுளோபின் 14 இருந்தாலும் சிறிய உடம்பில் மொத்த ரத்தம் குறைவாகவே இருக்கும். உயரத்தையும் எடையையும் கொண்டு இதை மதிப்பிட 1962இல் நாட்லரும் சகாக்களும் கொடுத்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 172 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஓர் ஆணுக்கு அதன்படி ஏறத்தாழ 4.7 லிட்டர் ரத்தம் இருக்கும். அவரிடம் 350 மில்லிலிட்டர் எடுத்தால் அது ஏழரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். 150 செ.மீ. உயரமும் 46 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு இருப்பது 2.9 லிட்டர்தான். அதே பையை நிரப்ப அவர் தன் ரத்தத்தில் 12 சதவீதத்தைக் கொடுக்கிறார். இந்திய விதிகள்படி 45 கிலோ இருந்தால் 350 மில்லிலிட்டரும், 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லிலிட்டரும் எடுக்கலாம். இப்போது 152 செ.மீ. உயரமும் 56 கிலோ எடையும் உள்ள பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ரத்த அளவு 3.3 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. விதி அனுமதிக்கிறது என்று 450 மில்லிலிட்டர் பையைப் போட்டால் அவர் 13.7 சதவீதத்தை இழக்கிறார், அதாவது முன்பு சொன்ன 46 கிலோ பெண்ணைவிடவும் அதிகமாக. ஐரோப்பிய வழிகாட்டி நெறிகள் 13 சதவீதத்தை எல்லையாக வைத்திருக்கின்றன. நம் விதியை மீறாமலேயே நாம் அந்த எல்லையைத் தாண்டிவிடும் இடம் இது. எடையை மட்டும் பார்த்துப் பையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, உயரத்தையும் கேட்க வேண்டும் என்று நான் பல முகாம்களில் வற்புறுத்தி வந்திருக்கிறேன். சுவரில் ஒட்டிய ஓர் அளவுநாடா போதும். சூத்திரத்துக்கும் குறை உண்டு. உடல் பருமன் உள்ளவர்களுக்கு அது ரத்த அளவைக் கூட்டிக் காட்டும், ஏனென்றால் கொழுப்பில் ரத்தம் குறைவு. ஆகவே அதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

சந்தேகத்துக்கு இடமானவற்றுக்கு வருகிறேன். முந்தைய இரவு தூங்காதது, காலையில் சாப்பிடாமல் வந்தது, தண்ணீர் குறைவாகக் குடித்தது, மாதவிடாய் நாட்கள், முகாம் நடந்த இடத்தின் வெக்கை ஆகியவை ஒவ்வொன்றும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. தூக்கக் குறைவுக்கும் நீர்க்குறைவுக்கும் ஆதரவான ஆய்வுகள் உண்டு, உடலியங்கியல்படியும் அவை பொருந்துகின்றன. அதனால் அவற்றைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் வயது, ரத்த அளவு ஆகியவற்றுக்கு இணையான உறுதியோடு இவற்றைச் சொல்ல மாட்டேன். கொடுப்பதற்கு முன் ரத்த அழுத்தம் சற்றுக் குறைவாக இருந்ததால்தான் மயங்கினார் என்று பலரும் சொல்வார்கள். அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கும் ரத்த அழுத்தம் தாமத மயக்கத்தைக் கணிப்பதில் பெரிதாக உதவுவதில்லை. நாடித் துடிப்பு வேகமாக இருப்பதற்கு ஓரளவு தொடர்பு இருந்தாலும், அது பதற்றத்தாலும் வரும் என்பதால் முதல் வகை மயக்கத்தையே அதிகம் சுட்டும். ஆளை மேசையில் படுக்கவைத்து, மேசையை நிமிர்த்தி மயக்கம் வருகிறதா என்று பார்க்கும் சாய்வு மேசைப் பரிசோதனை செய்து பார்த்தால் என்ன என்று சில மருத்துவ மாணவர்கள் என்னிடம் கேட்டதுண்டு. நலமாக உள்ளவர்களில் ஒரு பகுதியினர் அந்த மேசையில் மயங்கவே செய்வார்கள். ஆகவே கொடையாளர்களைப் பிரித்தெடுக்க அது உதவாது.

ஆபத்தைக் கூட்டும் காரணிகள் இவ்வளவு தெரிந்த பிறகும் தனி ஒருவரைச் சுட்டிச் சொல்ல முடியாது என்று ஏன் சொல்கிறேன் என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டவை. 1,000 பேர் ரத்தம் கொடுக்கிறார்கள், அவர்களில் 5 பேர் வெளியே போய் மயங்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மயங்கப் போகிறவர்களில் நூற்றுக்கு 80 பேரைப் பிடித்துவிடும், மயங்காதவர்களில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு சோதனை நம்மிடம் இருக்கிறது. உண்மையில் இவ்வளவு நல்ல சோதனை கிடையாது. அந்தச் சோதனை 5 பேரில் 4 பேரைப் பிடிக்கும். கூடவே மயங்காத 995 பேரில் 199 பேரையும் ஆபத்தானவர் என்று சொல்லும். ஆக 203 பேரைத் தனியே நிறுத்துவோம், அவர்களில் உண்மையில் மயங்கப் போகிறவர் 4 பேர்தான். ஐம்பது பேரை எச்சரித்தால் ஒருவருக்குத்தான் அது நடக்கும். அந்த 203 பேரிடமும் ரத்தம் வாங்காமல் திருப்பி அனுப்பினால் கொடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுவோம், அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்களாக இருப்பார்கள், திரும்பவும் முகாம் பக்கம் வர மாட்டார்கள். அரிதாக நடக்கும் எதைக் கணிக்கப் போனாலும் இந்தச் சிக்கல் வரும். தரவுகளிலிருந்து கணினி தானே கற்றுக்கொண்டு கணிக்கும் முறையும் இதிலிருந்து தப்பவில்லை. நெதர்லாந்தில் கொடையாளர்களின் முகத்தை வீடியோவில் பதிந்து, அதன் சின்னஞ்சிறு அசைவுகளிலிருந்து மயக்கத்தைக் கணிக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. அவை மதிக்கத்தக்க வேலைகள். ஆனால் காத்திருக்கும் அறையிலும் நாற்காலியிலும் முகம் காட்டுவது பெரும்பாலும் பதற்றத்தையே. ஒரு மணி நேரம் கழித்து வெயிலில் நிற்கும்போது நேரப் போவதை அந்த முகம் எப்படிக் காட்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு தடையும் உண்டு, அது நம் பதிவேடுகளில் இருக்கிறது. வெளியே போய் மயங்கியவர் திரும்பி வந்து சொல்வதில்லை, அதனால் அது எங்கள் ஏட்டில் ஏறுவதில்லை. அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தம் கொடுத்து மூன்று வாரம் கழித்து 1,000 பேரை அழைத்துக் கேட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு தொந்தரவைச் சொன்னார்கள். மயக்கமோ அதற்கு முந்தைய கிறுகிறுப்போ வந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல். கேட்டால்தான் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இந்தியாவில் கொடையாளர்களுக்கு நேரும் எதிர்விளைவுகளைத் திரட்ட 2015 ஜூன் 14 அன்று தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. நொய்டாவிலுள்ள தேசிய உயிரியல் பொருட்கள் நிறுவனம் அதை நடத்துகிறது. உங்கள் மாணவிக்கு நேர்ந்ததை ரத்தம் எடுத்த மையத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். புகாராக எழுத வேண்டியதில்லை. எத்தனை மணிக்கு ஊசி எடுக்கப்பட்டது, எத்தனை மணிக்கு விழுந்தார், அப்போது நின்றாரா நடந்தாரா, நினைவு எவ்வளவு நேரம் தப்பியது, காயம் என்ன என்ற விவரங்கள் போதும்.

ஆளைக் கணிக்க முடியாதபோது, ஆபத்து அதிகமுள்ள கூட்டம் முழுவதையும் பாதுகாப்பதுதான் வழி. உங்கள் முகாமில் வருவோர் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதில், முதல் முறை கொடுப்பவர்கள். ஆகவே பிரித்துப் பார்க்காமல் எல்லோரையும் அந்தக் கூட்டமாகவே நடத்துங்கள். ஊசி குத்துவதற்கு முந்தைய அரை மணி நேரத்துக்குள் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் செய்தால் மயக்கம் குறைகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப்பிடிப்பது ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் என்பதால், படுக்கையில் உதவும் அளவுக்குப் பேருந்து நிறுத்தத்தில் உதவாது. குடித்த நீர் ரத்தக் குழாய்களுக்குள் தங்க வேண்டுமானால் உப்பும் வேண்டும். உப்பு கலந்த பானங்களைப் பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்றாலும், ரத்தக் கொதிப்பு இல்லாத இளைஞர்களுக்கு இனிப்பு ஜூஸைவிட உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ கொடுப்பதையே நான் விரும்புகிறேன். கெடுதல் இல்லை, செலவும் குறைவு.

அடுத்தது எழுந்திருக்கும் முறை. நான் முகாமுக்குப் போனால் படுக்கையின் கால்மாட்டில் நின்று இதைத்தான் பார்ப்பேன். ஊசியை எடுத்ததும் பஞ்சை அழுத்திக்கொண்டே சடக்கென்று குதித்து இறங்குவார்கள், பின்னால் வரிசை காத்திருக்கிறது என்ற அவசரம். முதலில் சில நிமிடம் படுத்திருக்க வேண்டும், பிறகு கால்களைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும், அப்படி உட்கார்ந்தவரிடம் பேச்சுக் கொடுத்து அவர் வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்கிறாரா, நடுவில் நிறுத்திக் கண்ணை மூடுகிறாரா என்று கவனிக்க வேண்டும். நின்ற பிறகு கிறுகிறுப்பு இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ‘ஒண்ணும் இல்ல சார்’ என்பார்கள். வெளியே போய் மயங்கியவர்களை மறுநாள் அழைத்து விசாரித்தால், எழுந்தபோதே லேசாக ஒரு மாதிரி இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனவே இருக்கிறதா இல்லையா என்று கேட்காமல், எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். சிற்றுண்டி மேசையில் பதினைந்து நிமிடம் உட்கார வையுங்கள். சிறிய உடம்புக்காரர்களை அரை மணி நேரம் வையுங்கள். இப்படி வைப்பதால் மயக்கம் வராமல் போய்விடும் என்று சொல்லவில்லை, வருவது உங்கள் கண்முன் வரும், தலை தரையில் மோதாமல் பிடித்துக்கொள்ளலாம்.

வெளியே போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் கையில் ஒரு தாளாகக் கொடுத்து, வாயாலும் சொல்ல வேண்டும். அன்று முழுவதும் அசையாமல் நெடுநேரம் நிற்பது, வெந்நீர்க் குளியல், மது, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். குறைந்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, திரும்ப நிரம்ப ஒன்று இரண்டு நாள் ஆகும் என்பதால் மறுநாளும் தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். நிற்க வேண்டிய கட்டாயம் வந்தால் கால்களைக் குறுக்கே பின்னிக்கொண்டு தொடை, பின்புறத் தசைகளை இறுக்கித் தளர்த்துவது கால்களில் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளும். காது அடைப்பது, கண் இருட்டுவது, திடீர் வியர்வை ஆகிய எதுவும் வந்தால், யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று உடனே தரையில் உட்கார வேண்டும், முடிந்தால் படுத்துக் காலை உயர்த்த வேண்டும். கூட்டத்தின் நடுவில் உட்காரக் கூச்சப்பட்டுச் சமாளித்துக்கொண்டு நிற்பவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

அந்த மாணவி மறுபடி கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவர் கேட்பார். ஒரு முறை மயங்கியவருக்கு மறுமுறையும் வரும் வாய்ப்பு மற்றவரைவிடக் கூடுதல், ஆனாலும் பெரும்பாலோருக்குத் திரும்ப வருவதில்லை. உயரத்தையும் எடையையும் வைத்து ரத்த அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 3 லிட்டருக்கு அருகில் இருந்தால், சில ஆண்டுகள் கழித்து உடம்பு தேறிய பின் யோசிக்கலாம் என்றே நான் சொல்வேன், காயம் ஏற்படும் அளவுக்கு விழுந்திருப்பதால். முகாமுக்கு வேறு விதங்களில் அவர் உதவலாம். ஆனால் நேரில் பரிசோதிக்காமல், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து இது ரத்தம் கொடுத்ததால் வந்த மயக்கமே என்று நான் சான்று தர முடியாது. விழுவதற்கு முன் கிறுகிறுப்பு, வியர்வை எதுவும் இல்லாமல் சட்டென்று விழுந்திருந்தாலோ, ஓடும்போது விழுந்திருந்தாலோ, அதற்கு முன் நெஞ்சு படபடத்திருந்தாலோ, ரத்தம் கொடுக்காத நாட்களிலும் முன்பு மயங்கியிருந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ, கொடையின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. இந்த வாரமே ஒரு ஈ.சி.ஜி. எடுத்து இதய மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.